ஞாயிற்றுக்கிழமை யாருக்கு

உடன்குடி
14.9.2025

அன்புள்ள தம்பி வேல்ராஜுக்கு,

அக்கா சந்தனமாரி எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். எண்பத்தாறு வயதிலும் அப்பா காலையில் பஜார் வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். புனேயில் நீயும் செண்பகமும் சுகமா? அங்கே மழை விட்டதா?

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். பக்கத்து வீடு வரை கேட்கிறது. அதோடு, இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் கடிதத்துக்கு முத்திரை குத்திவிட்டேன். ரிட்டயர் ஆன பிறகாவது சொந்தமாக நாலு கடிதம் போடலாமே.

விஷயம் இதுதான். முத்துக்குமரன் மூன்று கூடாரம் வாங்கியிருக்கிறான். தூத்துக்குடித் துறைமுகத்தில் அவனோடு வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு இப்படிப் போய்த் தங்குகிறார்களாம். ஜனவரியில் குடியரசு தின லீவோடு சேர்த்து, 23 வெள்ளி முதல் 26 திங்கள் வரை, கடலோரப் பனந்தோப்பில், நம் விளையில், எல்லோரும் தங்க வேண்டும் என்கிறான். அப்பா, நான், அவன், மருமகள் ஐஸ்வர்யா, பேத்தி, நீங்கள் இரண்டு பேர். நாலு தலைமுறை. "வீடு இருக்கும்போது மண்ணுல ஏம்ல படுக்கணும்" என்று அப்பா கேட்டார். ஆனால் அன்று சாயங்காலமே நார்க்கட்டிலை வெளியே இழுத்துத் தட்டிப் பார்த்தார்.

வெள்ளி போய் இறங்குவது. சனி திருச்செந்தூர். ஞாயிறு மணப்பாட்டில் படகு. திங்கள் மதியம் திரும்புவது. உன் யோசனையை எழுது.

செண்பகத்துக்கு என் அன்பைச் சொல்.
உன் அக்கா,
சந்தனமாரி


புனே
6.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் வணக்கம். நாங்கள் சுகம். கடை நடக்கிறது. அப்பாவின் நடையைக் கேட்டுச் சந்தோஷம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எழுதவில்லையே.

முத்துக்குமரன் சொல்வது நல்ல யோசனை. நான் கட்டாயம் வருவேன். ஆனால் நாலு நாளும் ஓட்டமாக இருக்க வேண்டாம் அக்கா. ஒரு நாள் சும்மா இருப்போம். கோவில் வேண்டாம், படகு வேண்டாம், யார் வீட்டுக்கும் போக வேண்டாம். எல்லோரும் விளையிலேயே இருந்து சாப்பிட்டு, சாய்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு ஓய்வாக ஒரு நாள். அது ஞாயிறாக இருந்தால் நல்லது.

இரண்டு விவரம் வேண்டும். கார் விளைக்குள் எவ்வளவு தூரம் வரும்? கார் நிற்கிற இடத்திலிருந்து கூடாரம் வரை மணல் இறுக்கமா, புதையுமா? காலை பத்து மணிக்கு மேல் நிழல் எந்தப் பக்கம் விழும்?

அப்பாவுக்கு என் வணக்கம்.
வேல்ராஜ்


உடன்குடி
27.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். என் முட்டி மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. உன் கடிதம் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகியிருக்கிறது. புனேயிலிருந்து ஐந்து நாள்தான் ஆகும். தபால் துறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராததால் உன்னைத்தான் சந்தேகப்படுகிறேன். எழுதி முடித்துவிட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாயா?

ஓய்வு நாள் என்கிறாய். சரி. ஆனால் உன் கேள்விகள் எனக்குப் பிடிபடவில்லை. மணல் இறுக்கமா என்று யாருக்காகக் கேட்கிறாய்? அப்பா என்னைவிட நன்றாக நடப்பார். நிழல் மேற்குப் பக்கம் விழும், அங்கேதான் பனை நெருக்கம். கார் வேலி வரை வரும். அதற்கு மேல் புதையும்.

ஐஸ்வர்யாவிடம் ஓய்வு நாள் என்றதும், "அப்போ அன்னைக்குச் சமையல் யாரு அத்தை?" என்று கேட்டாள். உங்களுக்கெல்லாம் ஓய்வென்றால் எங்களுக்கு மூன்று வேளை அடுப்பு. அதற்கும் ஒரு வழி எழுது.

அன்புடன்,
சந்தனமாரி


புனே
11.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று அறிந்தேன். நாங்களும் அப்படியே. கடிதம் தாமதமானது என் தப்புதான்.

பொதுவாகத்தான் கேட்டேன். மனதில் வேறு எதுவும் இல்லை. ஞாயிறு சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். குழைய வடித்த சோறு, காரம் போடாத பருப்பு, அவித்த மீன் முள் எடுத்தது. இவ்வளவுதான். என்னால் முடியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். முத்துக்குமரன் அன்று டூட்டி என்று துறைமுகத்துக்கு ஓடிவிடக் கூடாது. மற்ற நாள் எங்கே போனாலும் பரவாயில்லை. ஞாயிறு அவன் விளையில் இருக்க வேண்டும். நீயும் இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வேல்ராஜ்


உடன்குடி
28.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சுகம். நான் சுகமில்லை, உன்னால். இந்தக் கடிதமும் பதினைந்து நாள். படித்ததிலிருந்து மண்டை குழம்பிக் கிடக்கிறது.

உளுந்தஞ்சோற்றில் பூண்டு குறைந்தால் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தவன் நீ. காரமில்லாத பருப்பும் முள் எடுத்த மீனும் எப்போதிலிருந்து? உனக்கு வயிற்றில் ஏதாவதா? ஆபரேஷன் எதுவும் செய்தாயா? செண்பகத்துக்குப் போன் போட்டேன். "அவிய கடையில இருக்காவ மைனி, நல்லா இருக்காவ" என்று சொல்லிவிட்டு, நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அவள் அப்படி வைக்கிறவள் இல்லை.

முத்துக்குமரன் வேறு மாதிரி நினைக்கிறான். விளையை விற்க ஆள் கூட்டிக்கொண்டு வருகிறாயாம், அதனால்தான் எல்லோரும் இருக்க வேண்டும் என்கிறாயாம். அப்படி என்றால் அப்பா இருக்கும் வரை அந்தப் பேச்சு வேண்டாம்.

எது என்றாலும் நேராக எழுது. வியாதி என்றால் வியாதி என்று எழுது.

உன் பதிலை எதிர்பார்த்து,
அக்கா


புனே
3.12.2025

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். வியாதி இல்லை. விளையை விற்கவில்லை. அப்பா மேல் ஆணை. நீ கலங்கிப் போயிருக்கிறாய் என்று செண்பகம் போனில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அவசரமாக எழுதுகிறேன். ஞாயிறு மட்டும் மாற்ற வேண்டாம். மற்றதை நேரில் சொல்கிறேன்.

வேல்ராஜ்


உடன்குடி
6.12.2025

வேல்ராஜுக்கு,

நலம். நலம் அறிய எழுதவில்லை.

உன் கடிதம் இரண்டே நாளில் வந்துவிட்டது. மேலே புனே என்று எழுதியிருக்கிறாய். உறையில் விழுந்திருக்கும் முத்திரை விளாத்திகுளம். முத்திரையைப் பார்க்காமல் உறையைக் கிழிக்க எனக்குத் தெரியாது. செண்பகம் உனக்குப் போனில் படித்துக் காட்டினாள் என்றால் நீ அவள் பக்கத்தில் இல்லை. அப்படியானால் இத்தனை நாள் நான் புனேக்குப் போட்ட கடிதத்தை அவள் உனக்கு அனுப்ப, உன் கடிதம் அவள் வழியாக எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பதினைந்து நாள் அதுதான்.

இரண்டு பஸ் மாறினால் வந்து சேரும் தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவை ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. ஏன்? செண்பகத்தோடு சண்டையா? வேறு யாராவது இருக்கிறார்களா?

உன் விலாசம் எனக்குத் தெரியாது. அதனால் விளாத்திகுளம் தபால் ஆபீசுக்கே, நீ வந்து வாங்கும் வரை வைத்திருக்கும்படி எழுதி அனுப்புகிறேன். கடித உறை வாங்க நீ அங்கேதான் வருவாய்.

சந்தனமாரி


விளாத்திகுளம்
11.12.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டதும் உன் கடிதத்தை எடுத்து நீட்டினாள். இனி மறைக்க முடியாது. உட்கார்ந்து படி. அப்பா பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அத்தான் இருக்கிறார். உன்னையும் முத்துக்குமரனையும் விட்டுவிட்டுப் போன மாசானம் அத்தான். நான் அவரோடுதான் இருக்கிறேன்.

ஜூன் மாதம் இங்கே ஒரு கரி மண்டிக்காரர் எனக்குப் போன் செய்தார். தன்னிடம் இருபது வருடமாகக் காவலுக்கு இருக்கும் ஆளுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பெட்டியைத் திறந்து பார்த்தால் உங்கள் நம்பர் மட்டும் இருக்கிறது என்றார். நான் வந்தேன். அவருக்கு வேறு குடும்பம் இல்லை அக்கா. விசாரித்துவிட்டேன். மண்டிக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு பெட்டி, இரண்டு கைலி. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து இங்கே ஒரு வீடு பிடித்து வைத்திருக்கிறேன். புனே கடையைச் செண்பகம் பார்க்கிறாள். எல்லாம் தெரிந்தும் எனக்காகப் பொய் சொல்கிறாள். அவளைக் கோபிக்காதே.

என் நம்பர் அவரிடம் எப்படி வந்தது என்று கேட்பாய். அதுதான் இதைவிடப் பெரிய தப்பு. ஏழு வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். நம் கருப்பட்டிக் கடையில் வெளியாட்கள் முன்னால் அப்பா அவரை அறைந்த அன்று, கோபம் தணிந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினாராம். "பொறவு நாளு கூடிப் போச்சுடே. எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வர?" என்றார். நம்பரை எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்றிருந்து, பிறகு இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்ற பயத்திலேயே சொல்லாமல் விட்டேன்.

இப்போது அவரால் பேச முடியாது. சத்தம் வருகிறது, வார்த்தை வருவதில்லை. நாம் கேட்பது விளங்குகிறது. ஆமாம், இல்லை என்று தலையாட்டுவார். உன் கூடார விஷயத்தைச் சொன்னேன். முத்துக்குமரன் பெயர் வந்ததும் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஞாயிறு அவரைக் காரில் கூட்டிவந்து ஒரு நாள் நிழலில் உட்கார வைக்க நினைத்தேன். முன்னால் சொன்னால் நீ வேண்டாம் என்பாய். வந்து இறங்கிவிட்டால் விரட்ட மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். தப்புத்தான்.

நீ வேண்டாம் என்றால் கூட்டிவரவில்லை.

மன்னிக்கச் சொல்லும் தைரியம் இல்லாத தம்பி,
வேல்ராஜ்


உடன்குடி
12.1.2026

வேல்ராஜுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். நீ இரண்டு தடவை போன் செய்தபோது அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

அவர் போனதை நான் என்றோ ஒருவிதமாகச் செரித்துவிட்டேன். உன்னைத்தான் செரிக்க முடியவில்லை. முத்துக்குமரன் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? பையனுடைய அப்பா பெயருக்கு முன்னால் திரு போடவா, அமரர் போடவா என்று அச்சகத்தில் கேட்டார்கள். கடைசியில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயராகப் போட்டார்கள். நீ என் பக்கத்தில் நின்றாய். அதற்கு முந்தின வருடம்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

இதற்கு மேல் இதை எழுதப் போவதில்லை.

முத்துக்குமரனிடம் நான் சொல்லிவிட்டேன். நீ செய்ய நினைத்தது போல அவன் முன்னால் திடீரென்று ஒரு மனிதரைக் கொண்டுவந்து இறக்க எனக்குச் சம்மதமில்லை. அவர் போனபோது அவனுக்கு ஐந்து வயது. மூன்றாம் நாள் போன் செய்து, "அந்த மணல்ல சக்கர நாற்காலி உருளாதேம்மா" என்றான். வேலியிலிருந்து நிழல் வரை விரிக்க ரப்பர் பாய் வேண்டும் என்று தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கிறானாம். அதுதான் அவன் பதில் போலிருக்கிறது. அப்பாவிடமும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார், திரும்ப விரித்தார்.

ஆகையால் கூட்டி வா. காலை பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

நான் இருக்க மாட்டேன். ஓய்வு நாள், ஞாயிறு என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாய். அந்த ஞாயிறை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கே போகிறேன் என்று கேட்காதே, தேடாதே. சாயங்காலம் வந்துவிடுவேன்.

சந்தனமாரி


உடன்குடி
1.2.2026

தம்பி வேல்ராஜுக்கு,

கூடாரத்திலிருந்து திரும்பி எல்லோரும் நலம். அப்பாவுக்கு லேசான சளி. பேத்தி கூடாரத்தை வீட்டு முற்றத்தில் போடச் சொல்லி அடம்பிடித்து, தூத்துக்குடிக்குப் போகிற வரை அதில்தான் இருந்தாள்.

விளையில் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பேசினால் எங்கே போய் முடியுமோ என்றிருந்தது. நான் எங்கே போனேன் என்று இப்போது சொல்கிறேன். திருச்செந்தூர் போய் ஒரு லாட்ஜில் ரூம் கேட்டேன். "கூட யாரும்மா?" என்றார் அங்கிருந்தவர். யாரும் இல்லை என்றேன். ஒற்றைப் பெண்ணுக்குத் தருவதில்லை என்றார். என் போஸ்ட் மாஸ்டர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். மின்விசிறியை வேகமாக வைத்தேன். அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. ஒன்பதரைக்குப் படுத்தவள் மூன்றரைக்கு எழுந்தேன். யாரும் எழுப்பாமல் பகலில் நான் அப்படித் தூங்கியதாக நினைவே இல்லை. அவ்வளவு தூரம் போயும் முருகனைக்கூடப் பார்க்கவில்லை. டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஐந்தரைக்கு விளைக்கு வந்தேன். நீங்கள் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். காரின் பின்சக்கரம் மணலில் இறங்கி, நீயும் முத்துக்குமரனும் டிரைவரும் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். ஐஸ்வர்யா பலகை தேடிப் போயிருந்தாள். வேலி ஓரத்தில் நாற்காலியில் அவர் தனியாக இருந்தார். அந்த வழியாகத்தான் நான் உள்ளே வர வேண்டும்.

மெலிந்து போயிருக்கிறார். காது மட்டும் அதே காது. என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். சும்மா ஒரு வார்த்தை இல்லை, நீளமாகப் பேசினார். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி பேசினார். எனக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. முடித்துவிட்டு, நான் பதில் சொல்ல வேண்டும் என்பது போல் முகத்தையே பார்த்தார். தலையாட்டினேன். பிறகு கூடாரத்துக்குள் போய்விட்டேன்.

அவர் என்ன கேட்டார்? நீ பத்தடி தள்ளித்தான் நின்றாய். ஏழு மாதம் கூட இருந்தவனுக்கு விளங்கியிருக்கும். மன்னிப்புக் கேட்டாரா, வீட்டுக்கு வரவா என்று கேட்டாரா, என்னைத் திட்டினாரா? எதற்குத் தலையாட்டினேன் என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தவிக்கிறேன். தண்ணீர்தான் கேட்டார் என்றால், சரி என்று தலையாட்டிவிட்டுக் கொடுக்காமல் வந்திருக்கிறேன். மற்றதையெல்லாம் விட அதுதான் உறுத்துகிறது.

அவரிடம் தண்ணீரா என்று மட்டும் கேட்டு எழுது. வேறு எதுவும் கேட்காதே.

அக்கா


விளாத்திகுளம்
6.2.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே எனக்குப் போதும். அப்பா சளிக்குக் கற்பூரவல்லி கொடு.

நீ இல்லாத நேரத்தில் நடந்ததை நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா காலை முழுவதும் அவருக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி இருந்தார். மதியம் வெயில் திரும்பி அத்தான் முகத்தில் விழுந்தது. அப்பா எழுந்து வந்து, "ஏல முத்து, இவரத் தூக்கி என் கட்டில்ல போடு. அங்கன நெழல் இருக்கு" என்றார். நாற்காலியில் அப்பா உட்கார்ந்துகொண்டார். முத்துக்குமரன்தான் சோறு ஊட்டினான். நான் வடித்தது குழையவில்லை என்று கையாலேயே பிசைந்தான். பாதியில் நிறுத்தி, "என்னய ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். அத்தான் தலையாட்டினார். "எனக்கு இல்ல" என்றான். சொல்லிவிட்டு மிச்சத்தையும் ஊட்டி முடித்தான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கும் விளங்கவில்லை அக்கா. சோறு, தண்ணீர், வெளிக்குப் போக வேண்டும் என்பதற்கெல்லாம் ஒவ்வொரு சத்தம் இருக்கிறது. அது எனக்குப் பழகிவிட்டது. அன்று உன்னிடம் பேசியது அந்தச் சத்தங்களில் எதுவும் இல்லை. நேற்று கேட்டேன். "அக்காகிட்ட தண்ணியா அத்தான் கேட்டிய?" இல்லை என்று தலையாட்டினார். நன்றாக, இரண்டு முறை ஆட்டினார். பிறகு அதையே திரும்பச் சொன்னார். ம என்றோ மா என்றோ தொடங்குவது போல் இருந்தது. உன்னை மாரி என்றுதான் கூப்பிடுவார். மவன் என்றும் இருக்கலாம். அப்பாவை மாமா என்று சொன்னதாகவும் இருக்கலாம். நீ வேறு எதுவும் கேட்கக் கூடாது என்றாய். கேட்கவில்லை.

நீ தலையாட்டியது வேறு ஏதோ நினைப்பில் என்று அவரிடம் சொல்லிவிடவா? நீ சொன்னால் சொல்கிறேன்.

உன் தம்பி,
வேல்ராஜ்


உடன்குடி
14.2.2026

அன்புள்ள தம்பி வேல்ராஜுக்கு,

இங்கு யாவரும் நலம். அப்பாவின் சளி விட்டுவிட்டது. இன்று பஜாருக்குப் போய்விட்டார். நீ சுகமா? சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. விளையில் பார்த்தபோது உன் கழுத்தெலும்பு தெரிந்தது.

தண்ணீர் இல்லை என்றால் சரி. மற்றது எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையாட்டியது ஆட்டியதுதான்.

முத்துக்குமரன் உன்னிடம் பேசியிருப்பான். தூத்துக்குடியில் அவன் வீட்டோடு ஒட்டின சின்ன வீடு காலியாகியிருக்கிறதாம். இந்த மாசியிலேயே அவரை அங்கே கொண்டுவருகிறான். பகலில் பார்த்துக்கொள்ள அல்போன்சா என்று ஓர் அம்மாவை ஐஸ்வர்யா பேசி வைத்திருக்கிறாள். அவன் அப்பா, அவன் முடிவு. என்னைக் கேட்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நீ புனேக்குத் திரும்பு. செண்பகம் எட்டு மாதமாக ஒற்றை ஆளாகக் கடையைத் திறந்து மூடுகிறாள். உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் இருக்கிறது. அது இருக்கட்டும், நீ போய்க் கடையைப் பார். கடிதம் போடுவதை நிறுத்தாதே. உறையில் முத்திரை புனே என்று இருக்க வேண்டும்.

மாதம் ஒரு சனிக்கிழமை பேத்தியைப் பார்க்கத் தூத்துக்குடி போவேன் அல்லவா, அதை நான் மாற்றப் போவதில்லை. அவருக்காகக் கூடுதலாகவும் போக மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறதாம். நான் வருகிற அன்றைக்கு அதைச் சாத்தி வைக்கவா என்று ஐஸ்வர்யா போனில் கேட்டாள். அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாத்த வேண்டாம், வீட்டுக்குள் காற்று வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

செண்பகத்தைக் கேட்டதாகச் சொல்.
உன் அக்கா,
சந்தனமாரி